பவளக் கரையோரம் 1,250 கிலோமீட்டர்: சாலை சொல்லித் தரும் கடல் பாடம்



"விடுமுறைப் பயணம்: பொழுதுபோக்கா, படிப்பினையா?" என்பதுதான் இந்த வாரக் கருத்தரங்கின் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர் பொழுதுபோக்கே என்று அழகாக வாதிட்டார். ஆண்டு முழுக்க உழைத்துக் களைத்தவன் விடுமுறையிலுமா பாடம் படிக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனாலும் நான் படிப்பினை என்ற அணியில் இருக்கிறேன். அதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சாலை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தொடங்கி, வடக்கே எக்ஸ்மவுத் என்ற சிற்றூர் வரை கடலை ஒட்டியும் சற்று விலகியும் செல்லும் நெடுஞ்சாலை.

கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்கு விமானத்தில் ஐந்தரை மணி நேரம். கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்கவும் தேவையில்லை. இங்கே மணி எட்டு என்றால் அங்கேயும் எட்டுதான். நம்மைப் போலவே அவர்களும் சாலையின் இடப்பக்கம்தான் வாகனம் ஓட்டுகிறார்கள். இவ்வளவு நெருக்கமான ஊரில், நம் கடலுக்கும் அவர்கள் கடலுக்கும் உள்ள உறவைத்தான் இந்தச் சாலை நமக்குச் சொல்லித் தருகிறது. அது என்ன உறவு என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

சாலை எப்படிப்பட்டது?

புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஏறத்தாழ 770 கிலோமீட்டர். பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர், அதாவது ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஆனால் நம் சாலையில் இருப்பதுபோல் அரை மணிக்கு ஒரு ஓய்வுத்தளமும் அங்கே நாசி லெமாக்கும் தே தாரேக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஜெரால்டன் நகரைத் தாண்டிவிட்டால் ஒரு பெட்ரோல் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நூறு கிலோமீட்டரும் அதற்கு மேலும் வெறும் செம்மண்ணும் புதருமே. கைத்தொலைபேசிக்கு நெடுந்தொலைவு அலைவரிசை கிடைக்காது.

இந்த வெறுமையில்தான் தேசியப் பூங்காக்கள் முத்துக்கோத்தாற்போல் வரிசையாக இருக்கின்றன. நம்பங், கல்பாரி, ஷார்க் பே பகுதிப் பூங்காக்கள், கடைசியில் கேப் ரேஞ்சும் அதன் காலடியில் கிடக்கும் நிங்கலூ பவளப்பாறையும். 2025 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் என் அண்ணன் குடும்பத்தோடு ஒன்பது நாட்கள் இந்தச் சாலையில் சென்று வந்தேன். இரண்டு வாரம் இருந்தால் இன்னும் நிதானமாகப் பார்க்கலாம்.

மேற்குக் கரையில் பவளம் எப்படி வந்தது?

பள்ளியில் படித்த புவியியலைச் சற்று நினைத்துப் பாருங்கள். கண்டங்களின் மேற்குக் கரையில் பெரும்பாலும் குளிர் நீரோட்டமே ஓடும். தென் அமெரிக்காவில் சிலி நாட்டுக் கரையும் ஆப்பிரிக்காவில் நமீபியாவின் கரையும் அப்படித்தான். அங்கெல்லாம் மீன்வளம் உண்டு, பவளத் தோட்டம் இல்லை. பவளத்துக்கு வெதுவெதுப்பான நீர் வேண்டும். அப்படியானால் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பவளம் எப்படி வளர்ந்தது?

விடை நம் பக்கத்தில்தான் இருக்கிறது. பசிபிக் பெருங்கடலின் மேற்பகுதியில் வெயிலில் காய்ந்த வெப்பநீர், இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே உள்ள நீரிணைகள் வழியாக இந்தியப் பெருங்கடலுக்குள் பாய்கிறது. அதில் பெரும்பகுதி, நம் சபா மாநிலத்தின் செம்பூர்ணாவும் சிப்பாடானும் எட்டிப் பார்க்கும் சுலாவெசிக் கடலைக் கடந்து மக்காசார் நீரிணையில் இறங்குகிறது. இந்த வெப்பநீரால் ஆஸ்திரேலியாவின் வடமேற்கே கடல்மட்டம் சற்று உயர்ந்து நிற்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவதுபோல் அது கரையை ஒட்டித் தெற்கே ஓடுகிறது. இதற்கு லீவின் நீரோட்டம் என்று பெயர். 1622ஆம் ஆண்டில் அந்தக் கரைக்கு வந்த டச்சுக் கப்பலின் பெயர் அது.

இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்மவுத் பக்கம் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலாலம்பூரில் ஓர் ஈர மாதத்தில் கொட்டுவதே அவ்வளவு இருக்கும். மழை இல்லை, ஆறு ஓடுவதில்லை. ஆகவே கடலில் சேறு கலப்பதில்லை. கிள்ளான் ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். தண்ணீர் கண்ணாடிபோல் இருப்பதால் வெயில் அடிவரை இறங்குகிறது. கரையில் வறண்ட பாலைவனம், கரையோரக் கடலில் வண்ணப் பூந்தோட்டம். இரண்டும் அருகருகே இருப்பதற்கு இதுதான் காரணம்.

கடல் கட்டிய தூண்கள்

பெர்த்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் செர்வான்டஸ் என்ற சிற்றூர். அதன் அருகே நம்பங் தேசியப் பூங்கா. மஞ்சள் மணல்வெளியில் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக்கல் தூண்கள் நிற்கின்றன. சில இடுப்பளவு, சில ஆளைவிட இரு மடங்கு உயரம். யாரோ சிற்பி பாதியில் விட்டுப் போன கோயில் மண்டபம்போல் இருக்கிறது. ஆனால் இதைக் கட்டியது கடல். சிப்பி, சங்குகளின் கூடுகள் அலையில் நொறுங்கிச் சுண்ணாம்பு மணலாகின. காற்று அந்த மணலைக் கரையில் குவித்தது. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்கி, அடிமணலைச் சிமெண்டுபோல் இறுக்கியது. பிறகு வீசிய காற்று தளர்ந்த மணலை அள்ளிப்போக, இறுகியவை தூண்களாக மிஞ்சின.

ஜெரால்டன் நகருக்கு நேர் மேற்கே கடலில் அப்ரோலோஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் இவ்வளவு தெற்கே பவளப்பாறைகள் இருப்பது அபூர்வம். அதுவும் லீவின் நீரோட்டத்தின் கொடைதான். 1629ஆம் ஆண்டில், இன்றைய ஜாகர்த்தாவை நோக்கிச் சென்ற பத்தாவியா என்ற டச்சுக் கப்பல் இந்தப் பவளப்பாறையில்தான் மோதி உடைந்தது. கரை சேர்ந்தவர்களுள் ஒரு கூட்டத்தார் கலகம் செய்து, நூற்றுக்கும் மேற்பட்ட சக பயணிகளைக் கொன்றார்கள் என்பது சரித்திரம். உடைந்த கப்பலின் மரப்பகுதியை இன்றும் பெர்த்துக்கு அருகே ஃப்ரீமேன்டில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஜெரால்டனைக் கடந்து கல்பாரிக்குச் செல்லும் வழியில் ஹட் லகூன் என்ற இளஞ்சிவப்பு ஏரி இருக்கிறது. யாரும் சாயம் கலக்கவில்லை. மிகு உப்புநீரில் வாழும் நுண்பாசி, வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் நிறமிதான் அந்த நிறம். கேரட்டுக்கு நிறம் தருவதும் அதே பொருள்தான்.

கல்பாரி தேசியப் பூங்காவில் மர்ச்சிசன் ஆறு செந்நிறப் பாறையை அறுத்து ஆழமான பள்ளத்தாக்கை உண்டாக்கியிருக்கிறது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறை அது. அதன்மேல் 2020ஆம் ஆண்டில் திறந்த வான்நடைப் பாலத்தில் நின்று பார்த்தால் கால்களுக்குக் கீழே 100 மீட்டர் ஆழம். தலைசுற்றல் உள்ளவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வது நல்லது!

ஒரு புல் காக்கும் உலகம்

அடுத்தது ஷார்க் பே. 1991ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுறா விரிகுடா என்று பெயர் இருந்தாலும் இங்கே கதாநாயகன் சுறா அல்ல, கடற்புல். இந்தப் புல்தான் இங்கே எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது.

கடற்புல் அலையின் வேகத்தைத் தணிக்கிறது. தணிந்த நீரில் மணல் படிகிறது. அப்படிப் பல்லாயிரம் ஆண்டுகள் படிந்த மணல்மேடு ஹேமலின் பூல் என்ற உட்கடலுக்கு அணைபோல் நிற்கிறது. உள்ளே வந்த நீர் எளிதில் வெளியேற முடியாமல் வெயிலில் வற்றி, சாதாரணக் கடலைவிட இரு மடங்கு உப்பாகிறது. அந்த உப்பில் நத்தை போன்ற மேய்ச்சல் உயிர்கள் பிழைக்க முடியாததால், உலகின் பழமையான உயிர்வகை ஒன்று அங்கே நிம்மதியாக வாழ்கிறது. ஸ்ட்ரோமட்டோலைட் என்று பெயர். பார்ப்பதற்குக் கறுத்த கல்லுபோல் இருக்கும். உண்மையில் அது நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய மேடு; ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. இதன் மூதாதையர்தான் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, காலப்போக்கில் நாம் மூச்சுவிடும் பிராணவாயுவைக் காற்றில் நிரப்பிய கூட்டம். 2021ஆம் ஆண்டில் செரோஜா சூறாவளி அங்கிருந்த மர நடைபாதையைச் சேதப்படுத்தியது. ஆகவே போகுமுன் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

அதே உப்புநீரில் ஒரு சிறு சிப்பியும் போட்டியில்லாமல் பெருகியது. அதன் கூடுகள் மட்டுமே சேர்ந்து உருவான வெள்ளைக் கடற்கரை ஒன்று அருகில் இருக்கிறது. மணலே இல்லை, காலடியில் பல மீட்டர் ஆழத்துக்குச் சிப்பிக் கூடுகள்தான். டென்ஹாம் ஊரில் அந்தச் சிப்பிப்பாளங்களைச் செங்கல்போல் அறுத்துக் கட்டிய தேவாலயமும் உண்டு.

கடற்புல்லை மேய்வதற்கு ஏறத்தாழ 10,000 கடற்பசுக்கள் இங்கே வாழ்கின்றன. தமிழகக் கடலோரத்தில் இதற்கு ஆவுளியா என்று பெயர். நம் நாட்டில் துயோங் என்கிறோம். உலகமே இதை டுகோங் என்று அழைப்பது மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்த பெயரால்தான். ஜொகூர் நீரிணையில் மிச்சமிருக்கும் கடற்புல்லில் இன்னும் சில துயோங் மேய்கின்றன என்பதையும் இந்த நேரத்தில் நினைவில் வைப்போம். 19ஆம் நூற்றாண்டில் ஷார்க் பேயில் முத்துக் குளிக்கச் சென்றவர்களுள் மலாய்க்காரர்களும் சீனர்களும் இருந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் அந்த வட்டாரத்தில் பழங்குடி மக்களோடு கலந்து வாழ்கிறார்கள்.

இந்தக் கடற்புல்லைப் பற்றி ஆய்வாளர்கள் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி உலகை வியக்க வைத்தது. 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கும் ஒரு புல்வெளி, மரபணுச் சோதனையில் ஒரே செடி என்று தெரிந்தது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் முளைத்த ஒரு விதை, அருகம்புல்போல் தானே படர்ந்து இவ்வளவு ஆகியிருக்கிறது.

மேலே போனால் கார்னார்வன். பாலைவனத்தின் நடுவே வாழைத்தோட்டம்! காஸ்கோயின் ஆறு பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடக்கும். ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. அதை இறைத்துத்தான் வாழையும் தக்காளியும் விளைவிக்கிறார்கள்.

கரையிலிருந்தே தொடும் தூரத்தில்

கார்னார்வனைத் தாண்டிச் சென்றால் மகரரேகையைக் கடக்கிறோம். சாலையோரத்தில் பலகை இருக்கிறது, படம் எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் கோரல் பே, எக்ஸ்மவுத், கேப் ரேஞ்ச். இங்கேதான் நிங்கலூ பவளப்பாறை. ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளம். ஆஸ்திரேலியாவில் கரையை ஒட்டி வளர்ந்த பவளப்பாறைகளுள் மிகப் பெரியது. 2011ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியத் தலமாயிற்று. புகழ்பெற்ற பெருந்தடைப் பவளப்பாறைக்கு நெடுநேரம் படகில் போக வேண்டும். நிங்கலூவுக்குப் படகே தேவையில்லை. சில இடங்களில் கரையிலிருந்து இருநூறு மீட்டருக்குள் பவளம் இருக்கிறது.

நிகழ்ச்சிப் பதிவுக்கு முன், அரங்கில் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ஏம்மா, பவளம்னா நாம மோதிரத்துல வைக்கிறோமே, அதுதானே?" நல்ல கேள்வி. மோதிரத்தில் வைக்கும் செம்பவளம் சற்று ஆழமான கடலில் வளரும் வேறு இனம். பாறை கட்டும் பவளம் வேறு. ஆனால் இரண்டுமே கல்லும் அல்ல, செடியும் அல்ல, உயிருள்ள பிராணிகள். நகக்கண் அளவே உள்ள மெல்லிய உயிர் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் வீடு கட்டுகிறது. லட்சக்கணக்கான வீடுகள் சேர்ந்து பாறையாகிறது. அதன் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்துப் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் பாசிக்கு இடம் கொடுக்கிறது. நாம் காணும் நிறத்தில் பெரும்பகுதி அந்தக் குடியிருப்பாளரின் நிறம்தான்.

ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் முழுநிலவுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துப் பவளங்கள் ஒன்றாகக் கடலில் முட்டையிடுகின்றன. அந்த விருந்துக் காலத்தையொட்டித் திமிங்கிலச் சுறாக்களும் வருகின்றன. உலகிலேயே மிகப் பெரிய மீன் இதுதான். ஆனால் சாது, நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பது. அதனோடு நீந்துவதற்கு அங்கே கடுமையான விதி உண்டு. ஒரு நேரத்தில் பத்துப் பேருக்குமேல் நீரில் இறங்கக் கூடாது. உடலிலிருந்து மூன்று மீட்டரும் வாலிலிருந்து நான்கு மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும். ஒவ்வொரு சுறாவின் உடம்பிலும் உள்ள புள்ளிகள் நம் கைரேகைபோல் தனித்தன்மை கொண்டவை. வானியல் அறிஞர்கள் நட்சத்திரக் கூட்டங்களைப் பொருத்திப் பார்க்க உருவாக்கிய கணினிக் கணக்கை மாற்றியமைத்து, இந்தப் புள்ளிகளைக் கொண்டு எந்தச் சுறா மீண்டும் வந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

மனிதர்களுக்கும் இந்தக் கரை புதிதல்ல. கேப் ரேஞ்சில் உள்ள ஒரு பாறைக் குடைவில், துளையிட்டுக் கோத்த சங்குமணிகள் 22 கிடைத்தன. வயது ஏறத்தாழ 32,000 ஆண்டுகள். பழங்குடித் தாய் ஒருத்தி அதைத் தன் பிள்ளையின் கழுத்தில் போட்டு அழகு பார்த்திருப்பாளோ என்று எண்ணத் தோன்றுகிறது.

தாய்ப்பாலும் விஷமாகுமா?

இனிச் சொல்லப்போவது வருத்தமான பகுதி. எந்த வெப்பநீர் இந்தப் பவளத்தை வளர்த்ததோ, அதே வெப்பநீர் அளவு மீறும்போது அதைக் கொல்கிறது.

2010ஆம் ஆண்டு இறுதியில் பசிபிக் கடலில் லா நினா என்னும் நிலை மிக வலுவாக இருந்தது. அப்போது மேற்குப் பசிபிக்கில் வெப்பநீர் கூடுதலாகக் குவிந்து, லீவின் நீரோட்டமும் வேகம் கொண்டது. 2011 தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியக் கடல் சூடேறியது. ஷார்க் பே கடற்புல்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சேதம். நான் மேலே சொன்ன அணை, உப்பு, கடற்பசு எல்லாம் அந்தப் புல்லை நம்பியிருப்பவை என்பதை நினைத்துப் பாருங்கள். மறு ஆண்டு அங்கே நண்டு பிடிக்கும் தொழிலையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. கல்பாரிக்கு அருகே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெல்ப் என்ற கடற்பாசிக் காடு அழிந்தது.

அப்போது நிங்கலூவின் பெரும்பகுதி தப்பித்தது. ஆனால் 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வடமேற்குக் கடலில் தொடங்கிய வெப்பம் 2025ஆம் ஆண்டில் தெற்கே பரவியபோது தப்ப முடியவில்லை. அந்த மாநிலத்தில் பதிவானவற்றுள் மிகக் கடுமையான கடல் வெப்ப அலை அது. ஆஸ்திரேலியாவின் இரு பெரும் பவளப்பாறைகளும், கிழக்கே பெருந்தடையும் மேற்கே நிங்கலூவும், ஒரே நேரத்தில் வெளிறியது பதிவேட்டில் அதுவே முதல்முறை.

வெளிறுதல் என்றால் என்ன? கோடையில் கடல் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே போதும், பாசி உணவுக்குப் பதில் நச்சை வெளியிடத் தொடங்குகிறது. பவளம் வேறு வழியின்றிப் பாசியை வெளியேற்றுகிறது. நிறம் போய் வெள்ளை எலும்பு தெரிகிறது. அந்த நிலையில் பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. விரைவில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். குளிராவிட்டால் செத்துவிடும். செத்த கூட்டின்மேல் பழுப்புப் பாசி படர்ந்துவிடும்.

டர்கோய்ஸ் பேயில் என் அண்ணன் மகள் நீந்திவிட்டுக் கரைக்கு வந்தாள். ஒன்பது வயது. முகமூடியைக் கழற்றிவிட்டு, "அத்தை, படத்துல கலர் கலரா இருந்துச்சே, இங்க ஏன் மண்ணு மாதிரி இருக்கு?" என்றாள். அவள் பார்த்தது அந்தக் கோடையில் செத்த பவளம். அதனிடையே உயிரோடு இருந்த சில பவளங்களையும் கிளிமீன்களையும் ஓர் ஆமையையும் அவளுக்குக் காட்டினேன். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் அவள் ஊர் திரும்பினாள்.

இது ஆஸ்திரேலியர்களின் கவலை மட்டும் அல்ல. 2010ஆம் ஆண்டில் நம் கடலும் சூடேறி, தியோமான், ரெடாங் பக்கம் பல முக்குளிப்பு இடங்களை அரசாங்கம் சில மாதங்களுக்கு மூடி வைத்தது நினைவிருக்கலாம். கடலுக்கு வேலி இல்லை, நேயர்களே.

மனிதர்கள் காப்பாற்றிய கதை

மனம் தளர வேண்டாம் என்பதற்கும் இதே கரையில் ஒரு சான்று உண்டு. கோரல் பேக்கு அருகே பெரிய படகுத்துறையும் உல்லாச விடுதியும் கட்ட ஒரு திட்டம் வந்தது. பொதுமக்கள் எதிர்த்தார்கள். டிம் விண்டன் என்ற புகழ்பெற்ற நாவலாசிரியர் முன்னின்றார். தமக்குக் கிடைத்த இலக்கியப் பரிசுப் பணத்தையே அந்தப் போராட்டத்துக்குக் கொடுத்தார். 2003ஆம் ஆண்டில் மாநில முதல்வர் ஜெஃப் கல்லப் அந்தத் திட்டத்தை நிராகரித்தார். எட்டு ஆண்டு கழித்து நிங்கலூ உலகப் பாரம்பரியத் தலமாயிற்று.

நம் சிப்பாடான் தீவிலும் இதுபோல் நடந்தது. 2004ஆம் ஆண்டு இறுதிக்குள் தீவிலிருந்த விடுதிகள் அனைத்தும் வெளியேற்றப்பட்டன. நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் முக்குளிக்கலாம் என்ற வரம்பும் வந்தது.

அப்படியானால் விமானம் ஏறிப் போய்ப் பார்ப்பதே கடலுக்குச் சூடு சேர்க்கும் காரியம் அல்லவா என்று எதிரணி நண்பர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. விமானப் புகையும் அந்தச் சூட்டில் ஒரு பங்குதான். ஆகவே மூன்று நாள் ஓடி ஓடிப் படம் எடுப்பதற்காகப் போக வேண்டாம். போனால் ஒருமுறை போங்கள், நிதானமாகப் போங்கள். அது இயலாதவர்களுக்கு நம் ரெடாங்கும் தியோமானும் இருக்கின்றன. பாடம் அங்கேயும் ஒன்றுதான். கண்ணால் கண்டவர்தான் ஒரு நாள் எழுந்து நின்று பேசுவார். நிங்கலூவைக் காத்தவர்கள் அப்படிக் கண்டவர்கள்தான்.

போகிறவர்கள் கவனத்துக்கு

முதலாவது, பகலில் மட்டும் ஓட்டுங்கள். அந்தி சாய்ந்ததும் கங்காருவும் ஈமுவும் சாலைக்கு வந்துவிடும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் வாடகைக் காருக்குக் காப்பீடு தர மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது, பெட்ரோல் பாதி குறைந்ததுமே நிரப்புங்கள். ஆளுக்குப் பல லிட்டர் குடிநீர் எப்போதும் காரில் இருக்கட்டும். கேப் ரேஞ்சு முகாம்களில் குடிநீர் கிடையாது. முகாம் இடங்களை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, சாலை ரயில் என்று சொல்லும் தொடர் லாரிகள் 50 மீட்டருக்கு மேல் நீளமானவை. நீண்ட நேர்ச்சாலை தெரியாமல் அவற்றை முந்தாதீர்கள். அரை நிமிடம் பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

நான்காவது, நீரோட்டம். அலை பவளப்பாறையின்மேல் உடைந்து தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. உள்ளே வந்த நீர் பாறையின் இடைவெளி வழியாக ஆறுபோல் வெளியே ஓடுகிறது. டர்கோய்ஸ் பேயில் மிதந்தபடி பவளம் பார்ப்பது சுகம்தான். ஆனால் மணல்திட்டு வருமுன் கரையேறிவிட வேண்டும். அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் இறங்காதீர்கள். நீச்சல் தெரியாத பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்.

ஐந்தாவது, பவளத்தின்மேல் காலை வைக்காதீர்கள். ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கிவிடும். வெயிலுக்குக் களிம்பை அள்ளிப் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. சங்கு, சிப்பி, கல் எதையும் பையில் போடாதீர்கள்.

ஆறாவது, பெர்த் விமான நிலையத்தில் பழம், விதை, கறிவேப்பிலை, வீட்டு ஊறுகாய் எதையும் மறைக்காமல் அறிவியுங்கள். அபராதம் கட்டுவதைவிட அங்கேயே மளிகை வாங்கிக்கொள்வது மலிவு.

பருவம் என்று கேட்டால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். டிசம்பர் விடுமுறையில் போனால் வடபகுதியில் கடும் வெயிலும் சூறாவளி அச்சமும் இருக்கும்.

நேயர்களே, பொழுதுபோக்கா படிப்பினையா என்ற கேள்விக்கு என் விடை இதுதான். சிப்பாடான் பக்கத்திலிருந்து புறப்பட்ட வெப்பநீர், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு பவளத்தை வளர்க்கிறது, அளவு மீறினால் அழிக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்தால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். கடலில் முகத்தைப் புதைத்துப் பார்த்த பிள்ளை மறக்காது. உங்கள் அடுத்த விடுமுறை எந்தக் கரையில் அமைந்தாலும், பிள்ளைகளிடம் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.